உலகத் தலைமையும் ஒட்டகக் கொட்டடியும்

பட்டிமன்றத்தில் பேசுகிறவர்களுக்குச் சொந்தக் கருத்து என்று ஒன்று கிடையாது. நடுவர் எந்தப் பக்கம் நாற்காலி போடச் சொல்கிறாரோ அந்தப் பக்கம்தான் எங்கள் கருத்து. போன வாரம் கூட்டுக் குடும்பமே சிறந்தது என்று தொண்டை கிழியப் பேசியிருப்பேன். இந்த வாரம் தனிக்குடித்தனமே நிம்மதி என்று அதே தொண்டையை வைத்துக்கொண்டு பேசுவேன். கேட்கிற ஜனங்களுக்கும் அது தெரியும். அவர்கள் தீர்ப்புக் கேட்கவா வருகிறார்கள்? சிரிக்க வருகிறார்கள். சிரிக்க வைத்தால் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வேறு குழுவைப் பார்த்துக்கொள்வார்கள்.

நான் திண்டுக்கல்லில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். வாரக் கடைசியிலும் திருவிழாக் காலத்திலும் மேடை. எனக்கு மேடையில் பேர் வாங்கிக் கொடுத்தது என் படிப்பு இல்லை, என் வீட்டுக்காரர். ஒரு பொம்பளை மைக் முன்னால் வந்து நின்றால் ஜனங்கள் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், அவள் புருஷனைக் கிண்டல் பண்ண வேண்டும். தலைப்பு விவசாயமோ விண்வெளியோ, புருஷன் வராமல் கைதட்டல் வராது. எனக்கு அது வாகாக அமைந்திருந்தது. அவர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிக்கிற லாரி டிரைவர். "லாரி நெறையத் தக்காளிய மலைப்பாதையில ஒண்ணு நசுங்காமக் கொண்டுபோயி இறக்குற மனுசன், வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கிட்டு வாங்கன்னு சொன்னா சட்னியாத்தான் கொண்டு வருவாரு" என்பேன். மண்டபம் அதிரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் பாதி ஜோக் அவரே எடுத்துக் கொடுத்தது. லோடு இல்லாத நாட்களில் என்னைப் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று கேட்பார். திரும்பி வரும்போது எங்கே சிரிப்புச் சரியாக விழவில்லை என்று சொல்லுவார். சட்னி என்று சொல்வதற்கு முன்னால் செத்த நேரம் நிறுத்து, ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது போட்டு உடை என்பார். அந்த இடைவெளியை எனக்குப் பழக்கிவிட்டவர் அவர்தான். ஊர் ஊராகத் தன்னை இளிச்சவாயன் ஆக்குகிறாளே என்று ஒரு நாள்கூட முகம் சுளித்தது கிடையாது. என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார், கிண்டலும் பெருமையும் பாதிப் பாதியாக.

லாரி முதலாளி வண்டிகளை விற்றுவிட்டுப் பெட்ரோல் பங்க் வைக்கப் போனபோது இவருக்கு வேலை போனது. வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டுகிற வேலை என்று ஒரு ஏஜென்ட் வந்தான். வேண்டாம் என்று நான் சொன்னேன். கேட்டால்தானே. ரோடு எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்குமாம், ஒரு வளைவு கிடையாதாம் என்று சின்னப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டுப் போனார்.

போய் இறங்கிய அன்றே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். டிரெய்லரும் இல்லை, ரோடும் இல்லை. ஊரை விட்டு வெகு தூரத்தில், மணல் காட்டுக்குள், பந்தய ஒட்டகங்களை வளர்க்கிற ஒரு கொட்டடி. ஒட்டகங்களைக் குளிப்பாட்ட வேண்டும், சாணி அள்ள வேண்டும், வேளைக்கு வேளை தீனி வைக்க வேண்டும். வேறு வேலையாள் ஒருவனுடைய போனை வாங்கி எப்போதாவது பேசுவார். முதல் தடவை பேசும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஒட்டகத்துக்குத் தேனு, பாலு, பேரிச்சம்பழம். எனக்குக் காஞ்ச ரொட்டி. அதுக்குப் பல்லு வலின்னா டாக்டரு காரு போட்டு வாராரு டீச்சரம்மா. இத மேடையில சொல்லு, நல்லா எடுபடும்." அதற்கப்புறம் பேசியபோதெல்லாம் சிரிப்புக் குறைந்துகொண்டே வந்தது. ஒட்டகம் ஒன்று காலை இழுத்து நடந்ததற்காக இவரை பெல்ட்டால் அடித்திருக்கிறார்கள். ஓடிப்போனால் திருட்டுக் கேஸ் போடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். ஒரு நாள் போனை எடுத்துப் பேசாமலே அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் போகாத ஆபீஸ் இல்லை, பார்க்காத ஆள் இல்லை. யாரும் விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். மனு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த உரிய இடம் எங்கே இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. தூதரகத்துக்குப் போன் போட்டால் ஒரு பாட்டுப் பாடும், அப்புறம் கட்டாகிவிடும். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒரு தடவை போனைச் சுவரில் எறிந்து, அப்புறம் நானே பொறுக்கி எடுத்து ஒட்டவைத்தேன். அவர் கூப்பிடுகிற நம்பர் அதில்தானே வரும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நடுவர் கூப்பிட்டார். ஒட்டன்சத்திரத்தில் வியாபாரிகள் ஆண்டு விழா, மார்க்கெட்டுக்கு லீவு விடுகிற நாளில் கல்யாண மண்டபத்தில் காலையிலேயே பட்டிமன்றம். தலைப்பு, வளரும் இந்தியா உலகத்துக்குத் தலைமை ஏற்க வேண்டுமா, வேண்டாமா. இந்த இரண்டு மூன்று வருஷமாக இந்தத் தலைப்பைக் கேட்காத கமிட்டி இல்லை. முன்பெல்லாம் மாமியாரா மருமகளா என்று கேட்டவர்கள் இப்போது உலகத்தைக் கேட்கிறார்கள். நான் 'ஏற்க வேண்டும்' அணி.

நான் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். நடுவர் விடவில்லை. அவருக்கு என் வீட்டு நிலைமை முழுக்கத் தெரியும். விழாவுக்குத் தலைமை தாங்க வருகிறவர் பெரிய காய்கறி மண்டிக்காரர், டெல்லி வரைக்கும் கை உள்ளவர், அவர் ஒரு போன் போட்டால் உன் புருஷன் விஷயம் நகரும் என்றார். அவருக்கு நாட்டைப் பெருமையாகப் பேசினால் பிடிக்கும், நீ நன்றாகப் பேசு, பேசி முடித்ததும் அவர்தான் பொன்னாடை போர்த்துவார், அந்த நேரத்தில் உன் காகிதத்தைக் கையில் கொடுத்து நாலு வார்த்தை சொல், நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்றார். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்டின் நகலையும் ஏஜென்டின் போன் நம்பரையும் ஒரு கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் பேசினார். தலைப்பைச் சொன்னேன். ஏதாவது கிண்டலாகச் சொல்வார் என்று நினைத்தேன். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். அப்புறம் சொன்னார்.

"நல்லாப் பேசு டீச்சரம்மா. நாடு பெருசா ஆகத்தான் வேணும். இங்க மொதலாளியப் பாக்க ஒரு வெள்ளக்காரன் வந்தான். பாஸ்போர்ட்ட எடுத்து நீட்டுனதும் கேட்டுல நின்ன போலீசு எந்திரிச்சு நிக்கிறான். அம்புட்டு மரியாத அந்தப் பொஸ்தகத்துக்கு. என் பொஸ்தகம் எவன் பொட்டிக்குள்ளயோ கெடக்கு. நம்ம நாட்டப் பாத்து நாலு பேரு பயந்தாத்தான் என்னை அடிக்கிறவன் ஒரு தடவ யோசிப்பான்."

இத்தனை வருஷ மேடையில் முதல் தடவையாக எனக்குக் கொடுத்த பக்கத்தை நான் நிஜமாகவே நம்பினேன். வகுப்பில் நான் நடத்துகிற பாடத்தில், உலகத்தை ஆண்ட எந்த நாடும் நாங்கள் தலைமை ஏற்கலாமா என்று யாரையும் கேட்டதில்லை. கப்பலில் வந்து இறங்கி எடுத்துக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிறவன் இன்னும் வாசலில் நிற்கிறான் என்றுதான் அர்த்தம். நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம், முதலில் நாற்காலியில் ஏறு, ஏறி என் ஆளைக் கொண்டுவந்து இறக்கு என்பதுதான் என் கட்சி. ராத்திரி படுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தேன். மருந்து, ராக்கெட், கம்ப்யூட்டர், எல்லாம் போட்டு ஒரு பேச்சுத் தயார் பண்ணினேன். அதில் புருஷன் ஜோக் ஒன்றுகூட வைக்கவில்லை.

வேனில் போகும்போது எதிரணித் தம்பியிடம் சொன்னேன். கீரனூரில் உரக்கடை வைத்திருக்கிறவர், என்னைவிட இளையவர், அக்கா அக்கா என்று உயிரை விடுவார். போகிற வழியில்தான் நாங்கள் கேலியை எல்லாம் பேசி வைத்துக்கொள்வோம். நான் இப்படிச் சொல்வேன், நீங்கள் இப்படித் திருப்புங்கள் என்று. மேடையில் நாங்கள் பரம விரோதிகளாகச் சண்டை போடுவதெல்லாம் செம்பட்டியில் டீ குடிக்கும்போது முடிவானதாகத்தான் இருக்கும். அன்றைக்கு மட்டும் என் வீட்டுக்காரரைத் தொடாதீர்கள் தம்பி, என்னால் தாங்க முடியாது, அங்கே ஒரு பெரிய மனிதரிடம் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெல்ட் அடி உட்பட. அவர் கண்கூடக் கலங்கியது. "ச்சே, நான் மனுசனாக்கா, அதப் போயி பேசுவனா" என்றார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள், கமிஷன் கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள். பின்னால் சமையல் கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. தலைமை தாங்க வேண்டியவர், தலைமை தாங்குகிற எல்லாரையும் போல, தாமதமாகத்தான் வந்தார். வந்து முன் வரிசை சோபாவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கும்பிட்டார். நல்ல முகம். இளகின மனசுக்காரர் மாதிரி தெரிந்தார். எனக்குத் தைரியம் வந்தது.

எதிரணித் தம்பி எனக்கு முன்னால் பேசினார். உள்ளூர் ரோட்டில் குழி, ஆஸ்பத்திரியில் வரிசை, முதலில் வீட்டைப் பார் அப்புறம் உலகத்தைப் பார் என்று வழக்கமாகத்தான் ஆரம்பித்தார். சிரிப்பு விழவில்லை. ஜனங்கள் பந்தி எப்போது என்று பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது. தம்பி வேர்த்துப்போய்த் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பாவி செய்யப்போகிறான் என்று.

"எங்க டீச்சரக்கா இந்தியா உலகத்துக்கே தலைமை தாங்கணும்னு சொல்ல வந்திருக்காங்க. அக்கா, ஒங்க தலைமை தாங்க முடியாமத்தான ஒங்க வீட்டுக்காரரு பாலைவனத்துக்கு ஓடிப்போயிட்டாரு?"

மண்டபம் விழித்துக்கொண்டது. விசில் பறந்தது. தம்பி அந்த ஒன்றை வைத்துக்கொண்டே மிச்ச நேரத்தையும் ஓட்டினார். ஒட்டகத்தையும் விட்டுவைக்கவில்லை. இந்த அம்மாவோடு இருப்பதற்கு ஒட்டகத்தோடு இருக்கலாம் என்று போய்விட்டார் என்றார். நான் வேனில் அழுதுகொண்டு சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் எடுத்துக் கடை பரப்பினார். முன் வரிசையில் அந்த மண்டிக்காரப் பெரியவர் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

நடுவர் என் பெயரை அழைத்தார். நான் மைக் முன்னால் நின்றேன். தயார் பண்ணிய மருந்தும் ராக்கெட்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. வாயைத் திறந்தால் நிஜம் வந்தது.

ஆமாம், பாலைவனத்தில்தான் இருக்கிறார் என்றேன். சிரித்தார்கள். டிரைவர் வேலை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் ஒட்டகத்தைக் குளிப்பாட்ட விட்டுவிட்டார்கள் என்றேன். இன்னும் சிரித்தார்கள். ஒட்டகத்துக்குத் தேன், அவருக்குக் காய்ந்த ரொட்டி என்றேன். ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவள் மேல் சாய்ந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஆங்காரம் வந்தது. சிரிக்காதீர்கள், இது கதை இல்லை, நிஜமாக நடக்கிறது என்று கத்தினேன். அதுதான் அன்றைய தினத்தின் பெரிய சிரிப்பு. ஏனென்றால் ஒவ்வொரு மேடையிலும் சட்னி ஜோக்கைச் சொல்லி முடித்துவிட்டு நான் அதையேதான் சொல்வேன், சிரிக்காதீங்க, நெசமா நடந்தது என்று. அந்தச் சத்தியத்தை நானே எத்தனையோ மண்டபத்தில் செலவழித்துவிட்டேன். இப்போது கையில் ஒன்றும் மிச்சம் இல்லை.

அழுகை வந்துவிட்டது. நிஜ அழுகை, மூக்கெல்லாம் ஒழுகுகிற அழுகை. அதற்குக் கை தட்டினார்கள். அன்றைக்கு நான் பேசியதில் இது ஒன்றுதான் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

"உலகத்துக்கு நீ தலைமை தாங்கு. வேணாம்னு நான் சொல்லல. மொதல்ல அங்க போயி அவரு பேரச் சொல்லி ஒரு தடவ கூப்புடு. நீ கூப்புடுறது காதுல விழுந்தாப் போதும், அவரு நடந்தே வந்துருவாரு."

ஒரு நொடி மண்டபம் அடங்கியது. ஒரே ஒரு நொடி. சுமை தூக்குகிறவர் ஒருவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நம்பியிருப்பார்கள். நடுவருக்கும் அது தெரிந்துவிட்டது. மண்டபம் அழுதால் நிகழ்ச்சி படுத்துவிடும். மைக்கை இழுத்தார்.

"எல்லாஞ் சரி டீச்சர். அந்த ஒட்டகம் என்ன பாவம் பண்ணுச்சு, ஒங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து மாட்டிக்க?"

கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். அந்தச் சுமை தூக்குகிறவரும் சிரித்தார், தான் ஏமாறப் பார்த்ததை நினைத்து இன்னும் அதிகமாகச் சிரித்தார். நடுவர் மணியை அடித்தார். நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தீர்ப்பு இந்தியா உலகத்துக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று வந்தது. கமிட்டிக்காரர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள், அதனால் அது முன்கூட்டியே முடிவான விஷயம். ஆனால் நடுவர் அதற்குக் காரணமாக என்னைக் காட்டினார். கஷ்டத்தைக்கூடச் சிரிப்பாக மாற்றத் தெரிந்த ஒரு பெண் இங்கே இருக்கிறாள், இப்படிப்பட்ட ஜனங்கள் உள்ள நாடுதான் உலகத்தை நடத்தத் தகுதியான நாடு என்றார். எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் ஜெயித்த அணி.

பெரியவர் மேடைக்கு ஏறி வந்து பொன்னாடை போர்த்தினார். கண்ணில் தண்ணீர், சிரித்துச் சிரித்து வந்தது. நான் கவரை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"ஐயா, நான் பேசுனது நெசந்தாங்க. எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு. அடிக்கிறாங்கய்யா. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க."

அவர் என் தோளைத் தட்டினார். "இன்னுமு உடமாட்டீங்களாட்ட இருக்குதுங்கம்மா. வயிறு வலிக்குதுங்க எனக்கு, போதுமுங்க" என்றார். கவரை என்னவென்று பார்க்காமலே வாங்கிப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தார். அவர் அதை மாலைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பக்கத்திலேயே நிற்கிறேன் என்று சொன்ன நடுவரைத் தேடினேன். அவர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்தப் போட்டோவில் நானும் இருக்கிறேன், கையைக் கூப்பிக்கொண்டு. பெரியவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். பார்க்கிறவர்களுக்கு இருவரும் ரொம்ப நாள் பழக்கம் போலத் தெரியும்.

வேனில் நான் கத்திய கத்துக்குக் கணக்கில்லை. தம்பியைச் செருப்பால் அடிக்கப் போனேன். அவர், மண்டபம் என்னைத் தின்றுவிடும் போல இருந்தது அக்கா, என் வாயில் வேறு எதுவும் வரவில்லை என்று காலைத் தொட வந்தார். நடுவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, மனசில் வைத்துக்கொள்ளாதே டீச்சர், மேடையில் அழுகை விழுந்தால் அதற்கப்புறம் நம்மை எவனும் கூப்பிட மாட்டான் என்றார். அவர் சொன்னது தொழில்படி சரி. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

அந்த வாரமே என் பேச்சை வெட்டி எடுத்து ஒட்டக காமெடி என்று பெயர் போட்டு யாரோ யூடியூபில் ஏற்றினார்கள். என் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இடைவேளையில் அதைப் பேசிக் காட்டினார்கள். மறுபடி ஒரு ஆபீசுக்குப் போனேன். மனுவை வாங்கினவர் முகத்தைப் பார்த்தார், பேரைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதோடு நான் மனு கொடுப்பதை விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் வந்துதான் சேர்ந்தார். எந்தப் பெரிய மனிதரும் போன் போடவில்லை. கொட்டடிக்குத் தண்ணீர் டேங்கர் ஓட்டி வருகிற ஒரு பாகிஸ்தான் டிரைவர், இவர் முதுகை ஒரு நாள் பார்த்திருக்கிறான். அடுத்த நடையில் காலி டேங்கருக்குள் இவரை இறக்கி, மூடியைச் சாத்தி, நகரம் வரைக்கும் கொண்டுவந்து நம் தூதரக வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். பேரைக்கூடச் சொல்லவில்லையாம், நானும் டிரைவர்தான் என்றானாம். அந்த வாசலுக்கு வெளியே மரத்தடியில் இவர் மாதிரியே நிறைய ஆட்கள். அங்கே இருந்த தமிழ்ப் பையன்கள் இவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, நீதானா அந்த ஒட்டகக்காரன் என்று செல்போனை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். விழுந்து விழுந்து சிரித்து, சோறு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு அந்த நாட்டுக்காரர்களே முதலாளியை விட்டு ஓடிவந்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களை எல்லாம் அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கையில் கொடுத்து விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

வந்து இறங்கினபோது பாதி ஆள். முதுகு வளைந்துவிட்டது. லாரியில் ஏறி உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. பஸ் ஸ்டாண்டில் நின்றால் யாராவது ஒருவர், ஏப்பா ஒட்டகம் சௌக்கியமா என்று கேட்காமல் போவதில்லை. இவரும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வருவார். வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். என் சம்பளத்தில் இருவரும் சாப்பிட்டோம்.

நடுவர் மறுபடி கூப்பிட்டார். பாலசமுத்திரத்தில் ஒரு விழா, அதே தலைப்பு, அந்த ஒட்டகப் பகுதி கட்டாயம் வேண்டும் என்று கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். நான் அவர் குலத்தையே இழுத்துத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், திரும்பாமலே சொன்னார்.

"போ டீச்சரம்மா. ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு. நம்ம ரெண்டு பேரு மட்டும் அழுது என்ன ஆகப்போகுது."

போனேன். குழுவின் வேனை ஓட்ட இவரையே வைத்துக்கொண்டார்கள், வேன் என்றால் கை அவ்வளவாக நடுங்குவதில்லை. மேடையில் பாஸ்போர்ட், பெல்ட், காய்ந்த ரொட்டி, அழுகை எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னேன். டேங்கர் டிரைவரை மட்டும் சொல்லவில்லை, அவன் நாட்டின் பேரை இந்த மேடையில் எடுக்காதே என்று நடுவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தீர்ப்பு அங்கேயும் இந்தியா தலைமை ஏற்க வேண்டும் என்றுதான் வந்தது. இனி எங்கே பேசினாலும் அப்படித்தான் வரும். ஏற்கட்டும், ஏற்காமல் போகட்டும். என் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு வந்தது ஒரு தண்ணீர் டேங்கர்.

திரும்பி வரும்போது தம்பியும் நடுவரும் பின்னால் தூங்கிவிட்டார்கள். நான் முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி அவர் கடைசி வரைக்கும் நின்றது ஓரக்கண்ணில் தெரிந்தது. சிரித்தாரா என்று தெரியவில்லை, அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. அம்பிளிக்கை தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். அப்புறம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பெல்ட்டால அடிச்சாங்கன்னு சொன்னியே, அந்த எடத்துல அவசரப்படுற. செத்த நேரம் நிறுத்து. ஜனங்க ஒன் மூஞ்சியப் பாக்கட்டும். அப்புறமா ஒட்டகத்தச் சொன்னீன்னா சிரிப்பு அடங்கவே அடங்காது."

சரி என்றேன். அடுத்த ஊரில் அந்த இடத்தில் நிறுத்தினேன். அவர் சொன்னது சரிதான்.